வாகனம் வராத பாதையில் நாங்களும் போகலாம்

யுத்த காலத்தில் ஆளரவம் இல்லாத பாதை என்றாலே எங்களுக்கு நெஞ்சு படபடக்கும். வயலுக்குப் போனவர் திரும்பவில்லை, விறகுக்குப் போனவரைக் காணவில்லை என்ற செய்திகள் எல்லாம் அப்படியான பாதைகளில் இருந்துதான் வந்தன. சனம் உள்ள றோட்டால் போ என்பதே உம்மாமார் பெண்பிள்ளைகளுக்குச் சொன்ன முதல் புத்திமதி. 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிந்தது. அந்தப் பயம் மட்டும் எங்கள் கால்களை விட்டுப் போகவில்லை.

ஆனால், இன்று ஆபத்து இடம் மாறியிருக்கிறது. சைக்கிளில் போகும் பெண்ணுக்கு இப்போது கூடிய பயம் தருவது பிரதான வீதிதான். பின்னால் இருந்து ஹோர்ன் அடிக்கும் பஸ், உரசிக்கொண்டு போகும் மோட்டார் சைக்கிள், மணல் ஏற்றிய டிப்பர். இவற்றுக்குப் பயந்தே எத்தனையோ பேர் சைக்கிளை மூலையில் சாத்திவிட்டார்கள்.

உலகின் பல நாடுகளில் மக்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். வாகனம் அதிகம் ஓடாத கிறவல் பாதைகளைத் தேடிப் போய் சைக்கிள் ஓடுகிறார்கள். அமெரிக்காவில் ரொக்கி மலைத்தொடர் வழியாக, கனடாவில் இருந்து மெக்சிக்கோ எல்லை வரை செல்லும் ஒரு நெடும் சைக்கிள் வழிக்கு 1990களில் வரைபடம் தயாரித்தார்கள். அதன் பெரும் பகுதி தார் போடாத காட்டுப் பாதைகள்தான். புதிதாக றோட்டு போடவில்லை. ஏற்கனவே இருந்த பாதைகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள், அவ்வளவுதான்.

எங்கள் நாட்டிலும் இதைப் போன்ற ஒரு வேலை நடந்திருக்கிறது. மலையகத்தில் கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை, 300 கிலோமீற்றருக்கும் மேலான 'பீக்கோ' நடைபாதை 22 பகுதிகளாக அமைந்துள்ளது. தேயிலைத் தோட்டங்களுக்காக வெள்ளைக்காரர் காலத்தில் வெட்டப்பட்ட பழைய பாதைகளே அதற்கு அடித்தளம். அது நடப்பவர்களுக்காக ஏற்படுத்தப்பட்டது. ஆனாலும் மலையகத்தின் தோட்டப் பாதைகளில் சைக்கிள் ஓடுவதற்கென்றே தூர இடங்களில் இருந்து ஆட்கள் வருகிறார்கள்.

அவ்வளவு தூரம் போக எங்களுக்கு வசதி இல்லை. தேவையும் இல்லை. இறக்காமத்தில் குளக்கட்டு இருக்கிறது. வாய்க்கால் ஓரப் பாதைகள் இருக்கின்றன. வயல் வட்டைகளுக்குப் போகும் கிறவல் பாதைகள் இருக்கின்றன. விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் உழவு இயந்திரங்கள் ஓடும். மற்ற நாட்களில் நாங்களும் கொக்குகளும்தான். மேற்கே பார்த்தால் காடும் மலையும் தெரியும். நானும் அயல்வீட்டுப் பெண்கள் மூவரும் கிழமையில் மூன்று நாட்கள் அப்படிப் போகிறோம். போகும்போது பேசுவோம். வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியாத எத்தனையோ கதைகளைக் குளக்கட்டில் பேசியிருக்கிறோம்.

வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது உடலை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் இது நல்லது. மனச்சோர்வு குறையவும் நித்திரை வரவும் உடற்பயிற்சி உதவுகிறது. இரவில் நித்திரையின்றிக் கிடக்கும் எங்கள் சகோதரிகளுக்கு இது சிறிய விடயம் அல்ல. மருந்து எடுப்பவர்கள் அதை நிறுத்த வேண்டாம். இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

விலை கூடிய சைக்கிள் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கிறவலுக்கென்று செய்யப்படும் சைக்கிள்களின் டயர் ஏறக்குறைய 35 முதல் 50 மில்லிமீற்றர் அகலம். எங்கள் வீடுகளில் உள்ள லேடீஸ் சைக்கிளின் டயரும் ஏறக்குறைய 35 மில்லிமீற்றர்தான். காற்றைக் கல்லுப் போல அடிக்காமல் சற்றுக் குறைத்து வைத்தால் குலுக்கல் குறையும், டயர் வழுக்குவதும் குறையும். சரளைக் கல்லில் முன் பிறேக்கைத் திடீரென்று பிடிக்கக் கூடாது. பின் பிறேக்கை மெல்ல மெல்லப் பிடியுங்கள். ஹபாயா சிக்காமல் இருக்க செயின் கவர் அவசியம்.

பொம்பிளைக்குச் சைக்கிள் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகினார்கள். அவர்களில் முஸ்லிம் பெண்களும் இருந்தார்கள்.

யுத்தம் தின்ற ஆப்கானிஸ்தானில் இது இன்னும் கடினம். சைக்கிள் ஓடிய பெண்களுக்கு அங்கே ஏச்சும் கல்லெறியும் கிடைத்தன. அப்படி ஓடிய மசோமா அலி சாதா அகதியாகப் பிரான்ஸ் போய், 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணிக்காக ஓடினார். 2021இல் தலிபான்கள் ஆட்சியைப் பிடித்தபின் நாட்டை விட்டு வெளியேறிய பாரிபா, யுல்தூஸ் ஹாஷிமி சகோதரிகள் 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆப்கான் கொடியின் கீழ் ஓடினார்கள். எங்களுக்கு ஒலிம்பிக் தேவையில்லை. குளக்கட்டு வரை போய் வரும் உரிமை போதும்.

அந்த உரிமையோடு நிதானமும் வேண்டும். அம்பாறை மாவட்டத்தில் யானைப் பயம் உண்மையானது. வெளிச்சம் நன்றாக வந்த பிறகு புறப்பட்டு, அஸருக்கு முன் வீடு திரும்புங்கள். அறுவடை முடிந்த வயல்களில் யானைக் கூட்டம் பகலிலும் நிற்கும். புதிய சாணம், முறிந்த கிளை, கலங்கிய சேறு கண்டால் அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம். யானையைக் கண்டால் தாண்டிப் போகப் பார்க்காதீர்கள். அது சைக்கிளை விட விரைவாக ஓடக்கூடியது. வந்த வழியே திரும்புங்கள்.

தனியாகப் போகாதீர்கள். எந்தப் பாதையால் போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஊர் விவசாயிகள் தினமும் நடமாடும் பாதையை மட்டும் பாவியுங்கள். யுத்தம் கடுமையாக நடந்த இடங்களில் வாழும் சகோதரிகள், மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஒரு அடியும் வைக்கக் கூடாது.

உங்கள் மாதர் சங்கத்தில் இதைப் பேசுங்கள். யாரிடம் ஓடாத சைக்கிள் இருக்கிறது, யாருக்கு ஓடத் தெரியும், யார் பழக விரும்புகிறார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பள்ளமும் பற்றையும் உள்ள பாதைகளின் பெயரைக் குறித்து, துப்புரவாக்கித் தரும்படி பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் அது ஊரின் கோரிக்கை. நாலு பேர் சேர்ந்து சைக்கிளில் போனால், நாளடைவில் அது ஊருக்குப் பழகிய காட்சி.