உங்களுக்குத் தெரியுமா? மூச்சுக்கும் ஓர் அளவு உண்டு

கொவிட் உச்சத்தில் இருந்த 2021 ஓகஸ்டில், இலங்கைக் கடற்படையின் ‘சக்தி’ கப்பல் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து சென்னைக்குப் போய், 40 தொன் திரவ ஒட்சிசனைக் கொழும்புக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஒட்சிசன் 21% தான். நோயாளிக்கு அதைக் கூட்டிக் கொடுக்கையில், கருவிக்கு ஏற்ப நிமிடத்துக்கான அளவு மாறும்:

● மூக்குக் குழாய்: 1–6 லீற்றர். கிடைப்பது சுமார் 24–44%.

● சாதாரண முகமூடி: 5–10 லீற்றர், 40–60%. 5 லீற்றருக்குக் குறைந்தால், வெளிவிட்ட காபனீரொட்சைட்டு உள்ளே தங்கி மறுபடியும் நுரையீரலுக்குள் போகும்.

● வென்சூரி முகமூடி: 2–15 லீற்றர், 24–60%. நிறத்துக்கு ஓர் அளவு. நீலம் என்றால் 24%. அளவு துல்லியம் என்பதால், நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளருக்கு ஏற்றது.

● சேமிப்புப் பையுள்ள முகமூடி: 10–15 லீற்றர், 60–90%. மூச்சை இழுக்கையில் பை முழுதாகச் சுருங்கினால் அளவு போதவில்லை என்று அர்த்தம்.

15 லீற்றர் வீதம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 21,600 லீற்றர் வேண்டும். கப்பலில் வந்த ஒவ்வொரு தொன்னும் அப்படியான ஒருவருக்கு ஒரு மாத மூச்சு!

அளவை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். குமிழை நாமாகத் திருகக் கூடாது.