பொன்னின் கனம் எங்கே உறைகிறது?

தாமிரபரணியின் தென்கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பை 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது, முதுமக்கள் தாழிகளோடு இரும்பு ஆயுதங்களும் வெண்கலப் பாத்திரங்களும் மட்டுமன்றி, பொன்னை மெல்லிய தகடாகத் தட்டி, நெற்றியில் கட்டிக்கொள்ள ஓரங்களில் துளையிட்ட நீள்வட்டப் பட்டங்களும் வெளிப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில், 1909-இல், மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் அப்பட்டங்களைவிடப் பன்மடங்கு மெல்லிய தங்கத் தாளின்மீது ஆல்பா துகள்களைச் செலுத்திப் பார்க்க, பெரும்பாலானவை தடையேதுமின்றி ஊடுருவிச் செல்ல, மிகச் சில மட்டும் வந்த திசைக்கே திரும்பின. இந்த விசித்திரத்தை ஆராய்ந்த ரூதர்போர்டு, அணுவின் நிறை அனேகமாக முழுவதும் அதன் மத்தியிலுள்ள நுண்ணிய கருவில் ஒடுங்கியிருக்கிறது என்று 1911-இல் விளக்கினார்.

தங்க அணுவின் விட்டம் அதன் கருவின் விட்டத்தைப்போல் சுமார் 20,000 மடங்கு. ஆகவே கன அளவில் 8 லட்சம் கோடி மடங்கு. ஆயினும் நிறையில் 99.97 சதவீதத்துக்கு மேல் கருவுக்கே உரியதாதலால், அடர்த்தியில் கரு முழு அணுவை அதே 8 லட்சம் கோடி மடங்கு விஞ்சுகிறது; திடப் பொன்னில் அணுக்களிடையேயுள்ள சந்துகளையும் சேர்த்தால் இது 12 லட்சம் கோடியாகும். ஒரு கன சென்டிமீட்டர் பொன் 19.3 கிராம், அதே அளவு அணுக்கருப் பொருளோ 23 கோடி டன். மன்னார் வளைகுடாவில் குளித்தெடுத்த, 7 மில்லிமீட்டர் விட்டமுள்ள முத்தொன்று முழுதும் அப்பொருளால் ஆகியிருக்குமாயின், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் ஓராண்டில் கையாளும் சரக்கு முழுவதற்கும், அதாவது சுமார் 4 கோடி டன்னுக்கு, அது நிகராக நிற்கும்.

இத்தொகையினும் என் உள்ளத்தைக் கவர்வது வேறொன்று. பொன்னும் இரும்பும், அவற்றைக் காத்த தாழியின் மண்ணும்கூட, மிக இலேசான சில கருக்கள் நீங்கலாக, கருவின் அடர்த்தியில் ஏறக்குறைய சமமே. கருவிலுள்ள புரோட்டான், நியூட்ரான் என்னும் துகள்களைப் பிணைக்கும் விசை அண்டைத் துகளை மட்டுமே பற்றி இழுப்பது. துகள்கள் மிக நெருங்கினாலோ விலக்கித் தள்ளுவது. ஆதலால் துகள்கள் பெருகப் பெருகக் கரு பருக்கிறதேயன்றி அடர்வதில்லை. அப்படியாயின் பொன் இரும்பைவிடக் கனப்பது ஏன்? இரும்பின் கருவில் பெரும்பாலும் 56 துகள்கள், பொன்னின் கருவில் 197. எனினும் பொன்னின் 79 புரோட்டான்கள் எலெக்ட்ரான்களை இறுகப் பற்றி இழுப்பதால், பொன்னணு இரும்பணுவைக் காட்டிலும் சற்றே பெரிதாக நின்றுவிடுகிறது. மூன்றரை மடங்கு நிறை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடத்தில் அடங்க, கையிலெடுத்தவுடன் பொன் தன் கனத்தை உணர்த்துகிறது.