கண்ணாடிக்கு வெளியே நிற்காதீர்கள்

டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில், குளிர்கால ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த உள்ளரங்க ஐஸ் ரிங்க்குக்குப் போனாலும் நம் குடும்பங்களைப் பார்க்கலாம். பிள்ளைகள் ஐஸில் இருப்பார்கள். அப்பா, அம்மா, அம்மம்மா மூவரும் கனத்த ஜாக்கெட்டோடு கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் வளர்ந்தவர்களுக்கு ஐஸைக் கண்டு பயம் வருவது இயல்புதான். ஆனால் நகராட்சி ரிங்க்குகளில் பொது ஸ்கேட்டிங் இலவசம். அப்படியிருந்தும் பாதிக் குடும்பம் வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பயத்துக்கு முதல் மருந்து ஹெல்மெட். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களும், எந்த வயதானாலும் ஸ்கேட்டிங் சரியாகத் தெரியாதவர்களும் கனடாவின் சி.எஸ்.ஏ. தர முத்திரை பெற்ற ஹாக்கி ஹெல்மெட் அணிய வேண்டும் என்பது இங்குள்ள விதி. வீட்டில் கிடக்கும் சைக்கிள் ஹெல்மெட் உதவாது. அது ஒரே ஒரு பலத்த மோதலைத் தாங்கத்தான் செய்யப்பட்டது. ஹாக்கி ஹெல்மெட் திரும்பத் திரும்ப விழும் அடியைத் தாங்கும், பின்மண்டையையும் நன்றாக மூடும். பெரியவர்கள் இதை அணியக் கூச்சப்படுகிறார்கள். உண்மையில் அவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. குழந்தையின் தலைக்கும் ஐஸுக்கும் இடையே தூரம் குறைவு; ஆறடி மனிதர் மல்லாக்க விழுந்தால் அடி பலமாக இருக்கும்.

அடுத்தது காலணி. கணுக்கால் ஆடாதபடி ஸ்கேட்ஸின் நாடாவை இறுக்கிக் கட்ட வேண்டும். மெல்லிய காலுறை ஒன்று போதும். குளிருக்குப் பயந்து இரண்டு மூன்று அணிந்தால் கால் உள்ளே வழுக்கும். பிளேடு மழுங்கியிருந்தால் கூர் தீட்டாமல் இறங்கக் கூடாது, ஏனென்றால் அது ஐஸைப் பிடிக்காது.

விழத்தான் போகிறீர்கள். அதனால் விழும் விதத்தை முதலிலேயே பழகுங்கள். தடுமாறும்போதே முழங்காலை மடக்கித் தாழ்ந்து, தொடையும் இடுப்பும் தரையில் படும்படி பக்கவாட்டில் சாயுங்கள். கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டு முறியக்கூடும். விழுந்ததும் விரல்களை மடக்கிக்கொள்ளுங்கள், பின்னால் வருபவரின் பிளேடு ஏறிவிடக் கூடாது. எழும்போது மண்டியிட்டு, ஒரு காலை முன்னே ஊன்றி, இரு கைகளாலும் அந்த முழங்காலை அழுத்தி எழுங்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மட்டும் ஒருபோதும் இறங்காதீர்கள். நாலு பேர் கைகோத்துச் சங்கிலியாகப் போவதைக் கண்டாலும் எனக்குப் பதறும், ஒருவர் விழுந்தால் நாலு பேரும் விழுவார்கள்.

ஐஸின் நிலையும் முக்கியம். பிளேடுகள் கீறிய பள்ளத்தில் கால் சிக்கினால் நன்றாகத் தெரிந்தவரும் விழுவார். 1949-இல் கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் ஜம்போனி உருவாக்கிய இயந்திரம் அதற்குத்தான். மேற்பரப்பைச் சீவி, கழுவி, அதன்மேல் வெந்நீரைப் படரவிடும். எரிபொருளில் ஓடும் இயந்திரமானால் காற்றோட்டம் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மூடிய அரங்கில் கார்பன் மோனாக்சைடு தேங்கும். தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே வெளியே வந்து ஊழியரிடம் சொல்லுங்கள். மின்சார இயந்திரம் உள்ள ரிங்க்குகளில் இந்தக் கவலை இல்லை.

நடக்க முடியாத பிள்ளையும் ஐஸில் ஓடலாம். இருக்கைக்கு அடியில் இரண்டு பிளேடுகள் பொருத்திய ஸ்லெட்ஜில் உட்கார்ந்து, இரு கைகளிலும் உள்ள குட்டைக் கோல்களால் ஐஸை உந்திப் போகலாம். 1960-களில் ஸ்டாக்ஹோமில் மாற்றுத்திறனாளிகள் சிலர் இப்படி ஹாக்கி ஆடத் தொடங்கினார்கள். 1994-இல் லில்லஹாமர் பாராலிம்பிக்கில் அது போட்டியாகவே இடம்பெற்றது. சக்கர நாற்காலியை அனுமதிக்கும் ரிங்க்குகளும் உண்டு. தள்ளுபவர் ஸ்கேட்டிங்கில் தேர்ந்தவராக இருந்தால் போதும். பல இடங்களில் தடையாக நிற்பது ஐஸுக்குள் இறங்கும் கதவடியில் உள்ள ஒரு சிறு படி. இதைச் சரிசெய்யப் பெரிய செலவு ஆகாது, ஒரு சாய்தளப் பலகை போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஹெல்மெட்டோடு போங்கள். ஸ்லெட்ஜ் இருக்கிறதா, சாய்தளம் இருக்கிறதா என்று ரிங்க் அலுவலகத்தில் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் பகுதி நகரசபை உறுப்பினருக்கு எழுதுங்கள். அந்த ரிங்க் உங்கள் வரிப் பணத்தில் நடக்கிறது.