இளம் ஓட்டுநர்களும் வேக வாகனக் காப்பீடும் (திருப்பூர் வட்டாரம்)

வேக மகிழுந்து அல்லது உயர்திறன் பைக் வாங்கும் இளைஞர் செலுத்தும் காப்பீட்டுக் கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. பிரித்தானியா போன்ற நாடுகளில் ஓட்டுநரின் வயதே கட்டணத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இந்தியாவில் காப்பீடு ஓட்டுநரைவிட வாகனத்தையே முதன்மையாகக் கணக்கில் கொள்கிறது. இதனால் பின்னலாடைத் தொழில் நகரமான திருப்பூரில் 19 வயது இளைஞரும் 50 வயது பனியன் கம்பெனி உரிமையாளரும் ஒரே வகை வாகனத்துக்கு ஒரே மூன்றாம் தரப்புக் கட்டணத்தைச் செலுத்துகின்றனர். எனினும் இளைஞருக்கு வேறு சில வழிகளில் செலவும் இடரும் கூடுகின்றன.

பிற நாடுகளில்

பிரித்தானியாவில் மகிழுந்துகள் நெடுங்காலமாக 1 முதல் 50 வரையிலான காப்பீட்டுக் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு வந்தன. வேக மகிழுந்துகள் மேல் குழுக்களில் இடம்பெறும். புதிதாக உரிமம் பெற்ற இளைஞர் அத்தகைய வண்டியை வாங்கினால் வயது, அனுபவமின்மை, வண்டியின் திறன் ஆகிய மூன்றும் சேர்ந்து கட்டணத்தை உயர்த்தும். இதைக் குறைக்க, ஓட்டும் விதத்தைப் பதிவு செய்யும் கருவியை வண்டியில் பொருத்திக்கொள்ளும் திட்டங்கள் அங்கு உள்ளன. பாலின அடிப்படையில் கட்டணத்தை வேறுபடுத்துவது ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பின்படி 2012 டிசம்பர் 21 முதல் நிறுத்தப்பட்டது. வயது அடிப்படையிலான வேறுபாடு தொடர்கிறது.

இந்தியாவில் மூன்றாம் தரப்புக் கட்டணம்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146இன்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு இன்றிப் பொது இடத்தில் வண்டி ஓட்டக்கூடாது. இதன் கட்டணத்தை அரசு அறிவிக்கிறது. நிறுவனங்கள் மாற்ற முடியாது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி ஓராண்டுக் கட்டணம், வரி நீங்கலாக, பின்வருமாறு:

தனியார் மகிழுந்து
- 1000 சிசி வரை: 2,094 ரூபாய்
- 1000க்கு மேல் 1500 சிசி வரை: 3,416 ரூபாய்
- 1500 சிசிக்கு மேல்: 7,897 ரூபாய்

இருசக்கர வாகனம்
- 75 சிசி வரை: 538 ரூபாய்
- 75க்கு மேல் 150 சிசி வரை: 714 ரூபாய்
- 150க்கு மேல் 350 சிசி வரை: 1,366 ரூபாய்
- 350 சிசிக்கு மேல்: 2,804 ரூபாய்

இதன்படி பல கோடி ரூபாய் மதிப்புள்ள போர்ஷே வண்டிக்கும் 1500 சிசிக்கு மேற்பட்ட இன்னோவாவுக்கும் மூன்றாம் தரப்புக் கட்டணம் ஒன்றே. ஆனால் 149 சிசி பைக்குக்கும் 155 சிசி பைக்குக்கும் இடையே கட்டணம் ஏறக்குறைய இரு மடங்காகிறது.

புதிய மகிழுந்துக்கு 3 ஆண்டு, புதிய இருசக்கர வாகனத்துக்கு 5 ஆண்டு மூன்றாம் தரப்புக் காப்பீட்டை வாங்கும்போதே எடுக்க வேண்டும். 350 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குக்கு இது 15,117 ரூபாய். இவ்விதி 2018 செப்டம்பர் 1 முதல் உச்ச நீதிமன்ற ஆணையால் வந்தது. அந்த ஆணைக்குக் காரணமான பொதுநல வழக்கை 2012இல் தொடுத்தவர் திருப்பூருக்கு அருகிலுள்ள கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனை எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் ஆவார்.

சொந்தச் சேதக் கட்டணம்

விபத்திலோ திருட்டிலோ தன் வண்டிக்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்வது சொந்தச் சேதக் காப்பீடு. வேக மகிழுந்தின் செலவு இங்கேதான் கூடுகிறது. வண்டியின் அறிவிக்கப்பட்ட மதிப்பு, சிசி, வயது, பதிவு செய்த இடம் ஆகியவை அடிப்படைகள். பழைய கட்டண அட்டவணையில் சென்னை உள்ளிட்ட எட்டுப் பெருநகரங்கள் ‘ஏ’ மண்டலம். திருப்பூர் உள்ளிட்ட மற்ற இடங்கள் ‘பி’ மண்டலம். எனவே டிஎன் 39, டிஎன் 42 பதிவு வண்டிகளுக்குச் சென்னையைவிடச் சற்றுக் குறைந்த விகிதமே உண்டு.

அந்த அட்டவணைப்படி, ஐந்து ஆண்டுக்கு உட்பட்ட, 1500 சிசிக்கு மேற்பட்ட மகிழுந்துக்கு ‘பி’ மண்டல விகிதம் 3.343 விழுக்காடு. மதிப்பு 50 இலட்சம் என்றால் கட்டணம் 1,67,150 ரூபாய். மதிப்பு 7 இலட்சம் உள்ள 1200 சிசி குடும்ப மகிழுந்துக்கு 3.191 விழுக்காட்டின்படி 22,337 ரூபாய். 2007 முதல் இவ்விகிதங்கள் கட்டாயமில்லை. நிறுவனங்கள் தள்ளுபடி தரலாம். ஓட்டுநரின் வயதையும் கருத்தில் கொள்ளலாம்.

ஓராண்டில் இழப்பீடு கோராதவருக்கு அடுத்த ஆண்டு 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும்; இது 25, 35, 45 என உயர்ந்து 50 விழுக்காட்டை எட்டும். நோ கிளைம் போனஸ் எனப்படும் இச்சலுகை வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. தந்தை தன் பழைய வண்டியில் சேர்த்த 50 விழுக்காட்டைத் தன் புதிய வண்டிக்குக் கொண்டுவரலாம். மகன் தன் பெயரில் வாங்கினால் சுழியத்தில் இருந்து தொடங்குவார். இந்தியாவில் இளைஞர் கூடுதலாகச் செலுத்துவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

யார் பெயரில் வண்டி?

கட்டணத்தைக் குறைக்கவும் வருமான வரிக் கணக்குக்காகவும் வண்டியைத் தந்தையின் பெயரிலோ நிறுவனத்தின் பெயரிலோ வாங்குவது உண்டு. இதில் கவனிக்க வேண்டியது தனிநபர் விபத்துக் காப்பீடு. உரிமையாளர்-ஓட்டுநருக்கான இக்காப்பீட்டுத் தொகை 2018இல் 15 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. இது பதிவுச் சான்றில் பெயருள்ள, செல்லத்தக்க உரிமம் வைத்திருக்கும் உரிமையாளருக்கு மட்டுமே பொருந்தும். வண்டி நிறுவனத்தின் பெயரில் இருந்தால் இக்காப்பீடு வழங்கப்படுவதில்லை. தந்தையின் வண்டியை ஓட்டி இறக்கும் மகனின் குடும்பத்துக்கும் இத்தொகை கிடைக்காது. அதற்குத் தனி விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும்.

நண்பரின் பைக்கை இரவல் வாங்கி ஓட்டும் தொழிலாளிக்கும் இதே நிலைதான். இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவராகவே கருதப்படுவார். அவரை மூன்றாம் தரப்பாகக் கொள்ள முடியாது என்று நிங்கம்மா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டும் உள்ள பைக்கின் பின்னிருக்கையில் கட்டணமின்றி வருபவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்பது திலக் சிங் வழக்கின் (2006) தீர்ப்பு. ஷிப்ட் முடிந்து ஒரே பைக்கில் இருவராக வீடு திரும்புவோர் முழுமைக் காப்பீடு எடுப்பது இதனால் இன்றியமையாதது.

காப்பீடு கைகொடுக்காத சூழல்கள்

- உரிமம் இன்றி ஓட்டுதல்: சொந்தச் சேத இழப்பீடு மறுக்கப்படும். மூன்றாம் தரப்பினருக்கு நிறுவனம் இழப்பீடு வழங்கி, அதை உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். சுவரண் சிங் வழக்கு (2004) இதற்கு முன்மாதிரி.
- 18 வயது நிரம்பாதவர் ஓட்டுதல்: 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோர் அல்லது உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.
- பந்தயம்: பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசியில் விலக்கப்பட்டவை. செட்டிப்பாளையம் கரி பந்தயத் தடத்தில் ஓட்டும்போது நேரும் சேதத்துக்கு வழக்கமான பாலிசி உதவாது.
- மாற்றங்கள்: புகைபோக்கி, எஞ்சின் முதலியவற்றை மாற்றி நிறுவனத்துக்குத் தெரிவிக்காவிட்டால் இழப்பீடு குறையலாம், மறுக்கவும்படலாம்.
- புதுப்பிக்காமை: புதிய பைக்குக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு 5 ஆண்டு இருந்தாலும் சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் ஓராண்டே. இரண்டாம் ஆண்டில் அதைப் புதுப்பிக்காத பைக் திருட்டுப்போனால் இழப்பீடு கிடைக்காது. கடன் தவணை மட்டும் தொடரும்.

காப்பீடு இன்றி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அபராதத்தைவிடப் பெரிய சுமை, விபத்தில் மற்றவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு. காப்பீடு இல்லாவிட்டால் அது முழுவதும் உரிமையாளரின் தலையில் விழும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

- சிறு சேதங்களுக்கு இழப்பீடு கோராமல் நோ கிளைம் போனஸைக் காத்துக்கொள்ளலாம்.
- சேதத்தில் ஒரு பகுதியைத் தானே ஏற்பதாக ஒப்புக்கொண்டு தள்ளுபடி பெறலாம்.
- ஓட்டும் தொலைவையும் விதத்தையும் பொறுத்துக் கட்டணம் கணிக்கும் கூடுதல் திட்டங்களுக்கு ஒழுங்குமுறை ஆணையம் 2022இல் அனுமதி அளித்துள்ளது. குறைவாக ஓட்டுவோர் இவற்றை நாடலாம்.
- மின் வாகனத்துக்கு மூன்றாம் தரப்புக் கட்டணத்தில் 15 விழுக்காடு தள்ளுபடி உண்டு.

வண்டியின் அறிவிக்கப்பட்ட மதிப்பைக் குறைத்துக் காட்டினாலும் கட்டணம் குறையும். ஆனால் வண்டி திருட்டுப்போனாலோ முற்றிலும் சேதமடைந்தாலோ குறைத்துக் காட்டிய தொகைதான் கிடைக்கும்.