பறவையின் கவட்டெலும்பு

கோவில்பட்டி வாசகர் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பில் அகப்படும் கவட்டை வடிவ எலும்பை ஆங்கிலக் கதைகளில் இருவர் ஆளுக்கொரு முனையாகப் பற்றி இழுத்து முறிக்கிறார்களே, அதன் தாத்பரியம் என்ன என்று கேட்டு எழுதியிருக்கிறார். பெரிய துண்டு யார் கையில் நிற்கிறதோ அவர் நினைத்தது பலிக்கும் என்பது அத்தேசத்தார் நம்பிக்கை. அதனாலேயே பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் அதை ‘விஷ்போன்’, அதாவது விருப்ப எலும்பு, என்றனர். அதற்கு முன்பே இங்கிலாந்தில் அதற்கு ‘மெர்ரிதாட்’ என்றொரு பெயர் உண்டு. மோட்டார் காரின் சக்கரத்தைத் தாங்கும் கவட்டை வடிவ இரும்புக் கைக்கும் இன்று ‘விஷ்போன்’ என்றே பெயர். நமக்கோ பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் இருப்பதால், எலும்பு நாய்க்குப் போகிறது.

என்னை வசீகரிப்பது அந்த எலும்பு செய்யும் ஊழியமே. மனிதனுக்கு இடமும் வலமுமாகத் தனித்தனியே நிற்கும் காறை எலும்புகள், பறவைக்கு நடுவில் கூடி ஒன்றாகிவிட்டன. 1988-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவையைச் செயற்கைக் காற்றோட்டத்தில் பறக்கவிட்டு எக்ஸ்ரே சலனப்படம் எடுத்தபோது, ஓய்வில் சுமார் 12 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள அதன் முனைகள், சிறகு கீழ்நோக்கி அடிக்கையில் 18 மில்லிமீட்டருக்கும் மேல் அகல்வதும், மேலே எழுகையில் மீண்டும் நெருங்குவதும் பிரத்தியட்சமாகத் தெரிந்தன. என் பாட்டி தணல் எடுத்த இடுக்கி, அழுத்தினால் நெருங்கி, விட்டால் விரியும். இதுவோ விரிந்து நெருங்குகிறது, அதுவும் விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல்! இந்த அசைவு பறவையின் காற்றுப்பைகளுக்கும் துருத்தியாக உதவலாம் என்பது அவர்கள் ஊகம். சில கிளிகளுக்கு இரு பாதிகளும் ஒட்டுவதே இல்லை. சிறகை விரித்தபடி மணிக்கணக்கில் மிதக்கும் கழுகு வகைகளுக்கோ அது அகன்று வளைந்து தடித்திருக்கும்.

கோவில்பட்டிக்கு மேற்கே, சடாயுவின் தமையன் சம்பாதி முருகனை வழிபட்டதாக ஐதிகம் கூறும் கழுகுமலை இருக்கிறது. கழுகின் பெயரை மலைக்கே சூட்டிய நாம், அதன் இனத்தைக் காக்கச் சிரத்தை கொள்ளவில்லை. மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டின் இறைச்சி வழியே பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, ஒரு தலைமுறைக்குள் இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் மாய்ந்தன. இன்று தமிழ்நாட்டில் அவற்றைக் காண மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போகவேண்டும். 2006-இல் கால்நடைக்கு அம்மருந்து தடுக்கப்பட்டது; மனிதருக்கான பெரிய குப்பிகள் தொழுவத்துக்குப் போனதால், 2015-இல் குப்பியின் அளவையும் 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். மெலாக்சிகாம் அதே வலியைத் தணிக்கும், கழுகைக் கொல்லாது. மாட்டுக்கு ஊசி போட ஆள் வரும்போது, மருந்தின் பெயரைச் சம்சாரி ஒரு வார்த்தை கேட்டால் போதும்.