மௌனம் சம்மதமாகுமா?

லேவர்டன் நோர்த்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் இரவுச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் தனது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான். "சேர், இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றான். பத்து வருடங்களுக்கு மேலாகப் பிறிட்ஜிங் விசாவில் இருப்பவன். அவனுக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டதாகவும், இறுதிக் கட்டணமாக 1,850 டொலரை 48 மணித்தியாலத்துள் செலுத்தவேண்டும் என்றும் அந்த மின்னஞ்சல் கூறியது. அரச இலச்சினையும் இருந்தது. பொய் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவன், "நேற்றே கட்டிப்போட்டன் சேர்" என்றான்.

அடுத்து அவன் கேட்ட கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். "எனக்கு விசா இல்லையெண்டு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அனேகமாகத் தெரியாது என்பதே பதில். முன்னொரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் புள்ளிவிபரவியல் கற்பித்தவன் என்ற முறையில் இதைச் சற்று விளக்க விரும்புகிறேன். 2008இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ, பேர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். உரிமையாளருக்குத் தெரியாமலே கைப்பற்றப்பட்ட வீட்டுக் கணனிகளைக் கொண்டு குப்பை அஞ்சல் அனுப்பும் வலையமைப்பு ஒன்றுக்குள் புகுந்து, அதன் மருந்து விளம்பரங்களின் வழியைத் தாம் அமைத்த போலிக் கடைக்குத் திருப்பினார்கள். 26 நாட்களில் ஏறத்தாழ 35 கோடி அஞ்சல்கள் போயின. வாங்க முன்வந்தவர்கள் 28 பேர். ஒரு கோடிக்கு ஒருவர் கூட இல்லை! எனினும் அனுப்புபவனுக்கு அது போதும். முத்திரை ஒட்டும் செலவு அவனுக்கில்லை. அழிக்கும் நேரம், வடிகட்டும் கணனி, ஏமாறும் பணம் ஆகிய செலவெல்லாம் பெறுபவருடையவை. எங்கள் தம்பியை எவரும் தேடிப் பிடிக்கவில்லை. எல்லோருக்கும் வீசிய வலையில், விசாவுக்காகக் காத்திருந்த அவன் அகப்பட்டான்.

காத்திருப்பவரை வைத்துப் பிழைப்பது இத்தொழிலின் பிறப்பிலேயே உள்ளது. 1978இலேயே அமெரிக்கக் கணனிக் கம்பனி ஒன்றின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு மின்னஞ்சல் விளம்பரம் அனுப்பியிருந்தார். ஆனால் இதை ஒரு தொழிலாகக் காட்டியவர்கள் அரிசோனாவைச் சேர்ந்த லோரன்ஸ் கான்ரர், மார்த்தா சீகல் என்ற சட்டத்தரணித் தம்பதியினர். 1994 ஏப்ரல் 12ஆம் திகதி யூஸ்நெட்டின் 5,000க்கும் மேற்பட்ட கலந்துரையாடற் குழுக்களில் ஒரே விளம்பரத்தை இட்டார்கள். விளம்பரம் எதற்கு? அமெரிக்கக் 'கிறீன் கார்ட்' சீட்டிழுப்புக்கு விண்ணப்பம் நிரப்பித் தருவதற்கு! அன்று இலவசமாகச் செய்யக்கூடியதைக் காசுக்கு விற்றார்கள். நோர்வே நாட்டவர் ஒருவர் அவர்களது விளம்பரங்களைத் தேடி அழிக்கும் நிரல் ஒன்றை எழுதினார். கான்ரரின் சட்டத்தரணி உரிமத்தை ரெனசி மாநிலம் 1997இல் பறித்தது. அதற்குள் வழி திறந்துவிட்டது.

'ஸ்பாம்' என்பது தகரத்தில் அடைத்த பன்றியிறைச்சியின் பெயர். 1970இல் வந்த பிரித்தானியத் தொலைக்காட்சி நகைச்சுவை ஒன்றில், அச்சொல்லையே திரும்பத் திரும்பப் பாடி மற்றவர் பேச்சை அமுக்குவார்கள். பெயர் பொருத்தமானதே.

அவுஸ்திரேலியாவில் 2003ஆம் ஆண்டின் ஸ்பாம் சட்டம் 2004 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வணிகச் செய்தி அனுப்புவதற்கு அது மூன்று நிபந்தனைகளை விதித்தது: பெறுபவரின் சம்மதம் வேண்டும், அனுப்புபவர் யாரென்று தெரியவேண்டும், விலகுவதற்கு வழி இருக்கவேண்டும். இதன் கீழ் வந்த முதல் வழக்கு பேர்த்தைச் சேர்ந்த கிளாரிற்றி1 நிறுவனத்துக்கும் அதன் இயக்குனர் வெய்ன் மான்ஸ்பீல்டுக்கும் எதிரானது. வர்த்தகக் கருத்தரங்குகளை விளம்பரப்படுத்தி 20 கோடிக்கும் மேற்பட்ட அஞ்சல்களை அனுப்பியவர்கள் இவர்கள். விலகும் வழியைக் காட்டியிருந்தோம், விலகாதவர்கள் சம்மதித்தவர்களே என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. அதாவது, மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி. சமஷ்டி நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. 2006 ஒக்டோபரில் நிறுவனத்துக்கு 45 இலட்சம் டொலரும், மான்ஸ்பீல்டுக்கு 10 இலட்சம் டொலரும் தண்டமாக விதிக்கப்பட்டன.

ஆனால் சட்டம் வருமுன்னரே இவர்களை எதிர்த்தவர்கள் உண்டு. குப்பை அனுப்பும் கணனிகளின் முகவரிகளைக் கறுப்புப் பட்டியலில் இடுவது அவர்களது ஆயுதம். பட்டியலைப் பின்பற்றும் அஞ்சல் நிலையங்கள் அம்முகவரிகளிலிருந்து வருவதை ஏற்கா. தம்மை அவ்வாறு பட்டியலிடச் செய்தார் என்று மான்ஸ்பீல்டின் வேறொரு நிறுவனம் பேர்த் வாசி ஒருவர்மீது 2002இல் நட்டஈட்டு வழக்குத் தொடுத்துத் தோற்றது. ஒரு தனிமனிதர் நின்று வென்றதை நான் மகிழ்ச்சியுடனேயே வாசித்தேன்.

ஆயினும் அந்தப் பட்டியல் எனக்குச் சங்கடத்தையும் தந்தது. ஸ்பியூஸ் என்ற அதனை நடத்தியவர்கள் யாரென்று எவருக்கும் தெரியாது. முறையிட ஒரு முகவரியில்லை. குற்றவாளிக்கு இடங்கொடுத்த இணைய நிறுவனம் அசையாவிட்டால், அதன் மற்ற வாடிக்கையாளர்களையும் சேர்த்துப் பட்டியலிட்டார்கள். முகத்தை மூடிக்கொண்டு வந்து தலையசைத்த தலையாட்டியையும், ஒருவனுக்காக ஊர் முழுவதையும் வளைத்ததையும் கண்ட நமக்கு இது புதிதல்ல. நோக்கம் நல்லது என்பதனால் முறை நல்லதாகிவிடாது. 1998இல் ஸ்ரீவ் லின்போர்ட் இலண்டனில் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் இதற்கு மாறாகப் பெயரோடு இயங்கியது. பட்டியலிலிருந்து நீங்கவும் வழி வைத்தது. அதற்கெதிராக 2006இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று விதித்த 117 இலட்சம் டொலர் நட்டஈடு, 2011இல் மேன்முறையீட்டில் 3 டொலராகக் குறைந்தது.

அனுப்புபவர் எல்லோரும் கொழுத்த முதலாளிகள் என்றும் எண்ணிவிடலாகாது. மோசடி இன்று மின்னஞ்சலோடு நில்லாமல் கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இணைய மோசடி முகாம்களில் அடைத்துவைத்து வேலை வாங்கப்படக்கூடும் என 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. தாய்லாந்தில் கணனி வேலை என்று நம்பிப் போய் மியன்மாரில் அகப்பட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் 13 பேர் 2022 ஒக்டோபரில் சென்னைக்கு மீட்டுவரப்பட்டார்கள். இலங்கையரும் அங்கு அகப்பட்டார்கள். பொய்க் கடிதத்தை எழுதும் கையும் ஒரு பொய்க் கடிதத்தால் அங்கு போன கையாக இருக்கலாம்.

இனி நம் பக்கம். நான் செயலாளராக இருக்கும் ஊர்ச்சங்கத்தின் அஞ்சல் பட்டியலில் பாதி முகவரிகள் கேட்டுப் பெற்றவையல்ல. சில செத்தவீட்டுக் கையொப்பப் புத்தகத்திலிருந்து என் கையாலேயே பிரதிபண்ணப்பட்டவை. வயதான ஓர் அம்மா தொலைபேசியில், "என்ரை முகவரி ஆர் தம்பி உங்களுக்குத் தந்தது?" என்று கேட்டபோது என்னிடம் பதிலில்லை. சட்டம் வணிகச் செய்திகளைப் பற்றியது. பதிவுபெற்ற அரசியற் கட்சிகளுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் சம்மத நிபந்தனையிலிருந்து விலக்கும் அளிக்கிறது. ஆனால் அவருடைய கேள்வி சட்டத்தைப் பற்றியதல்லவே. நம் சமூகத்தில் பேசாமல் இருந்தவர்களை எல்லாம் சம்மதித்தவர்களாக எண்ணி, அவர்கள் பெயரால் நெடுங்காலம் பேசி வந்திருக்கிறோம்.

எனவே பட்டியலை அழித்துவிட்டு, ஒவ்வொருவரையும் புதிதாகக் கேட்கவேண்டும் எனச் செயற்குழுவில் பிரேரித்தேன். கூட்டத்துக்கு ஆட்கள் வரமாட்டார்கள் என்று சிலர் எதிர்த்தார்கள். அவர்கள் அச்சம் நியாயமானது. மாற்றுக் கருத்துடையோர் இவ்விதழில் எழுதினால் பயனுண்டு.

தம்பியின் பணம் திரும்பவில்லை. விசா நிலையை வீவோ என்ற அரச இணையச் சேவையில் காசில்லாமற் பார்க்கலாம் என்று அவனுக்குக் காட்டிக் கொடுத்தேன். இப்போது வேலைக்கு வரும் மற்றவர்களுக்கு அவன் காட்டிக் கொடுக்கிறான்.