ஒரே ஒயரில் டிவியும் இணையமும்

சென்னையை அடுத்த அயனம்பாக்கம் போன்ற புறநகர் வீடுகளில் டிவிக்காக இழுத்த கறுப்பு கேபிள் ஒயரிலேயே இணையத்தையும் அறைக்கு அறை கொண்டுபோகலாம். வைஃபை எட்டாத மாடி அறைக்காகச் சுவரைக் குடைய வேண்டியதில்லை. கேபிள் ஒயரில் இணையத்தைக் கடத்தும் கருவிக்கு மோகா (MoCA) அடாப்டர் என்று பெயர். ரவுட்டர் அருகே ஒன்று, மாடி அறையில் இன்னொன்று இருந்தால் போதும்.

மோகா அடாப்டர் பொதுவாக 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும். சென்னையில் 2016 முதல் ஆன்டெனாவில் கிடைக்கும் தூர்தர்ஷன் டிஜிட்டல் ஒளிபரப்பும், கேபிள்காரர் தரும் சேனல்களும் 862 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதனால் ஒன்றுக்கு ஒன்று இடைஞ்சல் இல்லை.

டிடிஎச் விஷயம் வேறு. மொட்டை மாடிக் குடையிலிருந்து இறங்கும் சிக்னல் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை பரவியிருப்பதால் மோகாவோடு நேரடியாக மோதும். போதாததற்கு, செட்டாப் பாக்ஸ் அதே ஒயரில் குடைக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்புகிறது. அந்த ஒயரில் வேறு கருவியைச் செருகினால் கருவி பழுதாகலாம். டிடிஎச் ஒயரைத் தனியாக விடுவதே சரி.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. கேபிள்காரரின் ஒயர் தெருவோடும் பக்கத்து வீடுகளோடும் இணைந்தது. வீட்டு நெட்வொர்க்கின் சிக்னல் அந்த வழியே வெளியேறினால், அடுத்த வீட்டில் மோகா அடாப்டர் வைத்திருப்பவர் உள்ளே நுழைய வாய்ப்பு உண்டு. ஒயர் வீட்டுக்குள் வரும் இடத்திலேயே, அந்தச் சிக்னலை வெளியே விடாத மோகா ஃபில்டரைப் பொருத்த வேண்டும். அடாப்டரில் பாஸ்வேர்டு பாதுகாப்பையும் போட்டுவிட வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் இவை இரண்டும் இல்லாமல் தொடங்கவே கூடாது.

ஒயரை அறைகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டரையும் பார்த்து வாங்க வேண்டும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு பக்கமும் சிக்னலின் சக்தியைப் பாதிக்கும் கீழே இறக்கிவிடும். 5–1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிட்ட பழைய ஸ்பிளிட்டர் மோகாவுக்கு ஏற்றதல்ல.

மொட்டை மாடி ஆன்டெனாவின் கம்பத்தையும் ஒயரின் உலோக உறையையும் வீட்டு எர்த்தோடு இணைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் இடி தொடங்கும் முன்பே ஒயரைக் கழற்றி வைக்க வேண்டும்; இடி இடிக்கும்போது அதைத் தொடக் கூடாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் மரங்களைச் சாய்த்தது போன்ற நாட்களில், அறுந்து கிடக்கும் கேபிள் ஒயர் மின்கம்பியோடு உரசியிருக்கலாம். அதையும் தொடக் கூடாது.

கேபிள்காரர் போட்ட ஒயரை வெட்டி இணைப்பதற்கு முன் அவரிடம் கேட்டுக்கொள்வது முறை. கட்டண விஷயத்தில் வாடிக்கையாளருக்கும் உரிமை உண்டு. இணைப்பு, பழுதுபார்க்க வருவது ஆகியவற்றுக்கான கட்டணத்தைச் சேவை நிறுவனம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். புகார் தெரிவித்தால் புகார் எண் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பணத்துக்கு ரசீது முக்கியம். தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.